பனியன் கம்பெனியும் வீடு திரும்பிய மகளும்

கல்யாணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்றால், நோம்பிக்கு வருவதையும் தலைப்பிரசவத்துக்கு வருவதையும் நீக்கிவிட்டுப் பார்க்கையில், அது ஏதோ ஒரு துக்கத்தின் விளைவாகவே இருக்க வேண்டும் என்று எண்ணுவது நமது சமூகத்தின் நெடுநாளைய சுபாவம். சட்டமும் இந்த அபிப்பிராயத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சொத்தில் மகளை மகனோடு ஒத்த வாரிசாக ஏற்றுக்கொண்ட பின்னும், குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்த மட்டில், ஆண் வாரிசுகள் தாமாகப் பாகம் பிரித்துக்கொள்ளும் வரையில் அவள் பாகம் கேட்கலாகாது என்றும், அதில் வசிக்கும் உரிமைகூட அவள் மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, கணவனைப் பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால்தான் உண்டு என்றும் தன் 23-ஆவது பிரிவில் விதித்திருந்தது. வீடு திரும்பும் மகள் எத்தகையவளாக இருக்கலாம் என்பதற்குச் சட்டமே ஒரு ஜாபிதா வைத்திருந்தது என்று இதைக் கொள்ளலாம். கண்ணீரோடு வருகிறவளுக்கு அதில் இடமிருந்தது. குடும்பத்துக்குக் கைகொடுக்க வருகிறவளைப் பற்றி அதில் பிரஸ்தாபமே இல்லை. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

அந்த ஜாபிதாவில் காணாத மகள் ஒருத்தி இப்போது திருப்பூர்ப் பிரதேசத்தின் பனியன் கம்பெனிக் குடும்பங்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள். கோயமுத்தூரிலோ சென்னையிலோ படித்து, பெங்களூரில் இரண்டொரு வருஷம் உத்தியோகமும் பார்த்தவள், தகப்பனாருக்கு இருதய சிகிச்சை நடந்ததாலோ, சகோதரன் அன்னிய தேசத்தில் நிலைத்துவிட்டதாலோ, 2017 ஜூலையில் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி.யின் கணக்குகளை வீட்டில் ஒருவராலும் சமாளிக்க முடியாததாலோ, 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்ததாலோ, 'கொஞ்ச நாளைக்கு' என்று கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்தவள், பிறகு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கல்யாணமாகி அவினாசியிலோ பல்லடத்திலோ வாழ்க்கைப்பட்டவள்கூட, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்குத் தகப்பனாரின் கம்பெனிக்கு வந்துவிடுகிறாள். இந்தத் திரும்புதலின் பொருளாதாரத்தையும் அதற்குப் பிரதியாக அவளுக்குக் கிடைப்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"எங்கப்பா ஒரு மாதிரிங்க" என்பது இத்தகைய பெண்கள் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது அநேகமாக முதலில் வந்து விழுகிற வாக்கியம். ஒரே கட்டடத்தில் நாலு கம்பெனிக்கு நாலு போர்டு மாட்டியிருப்பார். ஒன்று குலதெய்வத்தின் பெயரிலும், ஒன்று மகனின் பெயரிலும், ஒன்று மனைவியின் பெயரிலும் இருக்கும். நாலாவது பெயர் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே ஞாபகம் இராது. கோடிக்கணக்கில் வரவு செலவு நடக்கிற ஸ்தாபனத்தின் கணக்குகளில் பாதி அவருடைய மனதிலும், மீதி ஒரு பழைய டைரியிலும் இருக்கும். கையில் ஆர்டர் இல்லாத மாதத்தில் புதிய நிட்டிங் மிஷின் வாங்கி இறக்குவார். கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் வேஸ்ட்டைத் தாமே குனிந்து பொறுக்கிப் பையில் போடுவார். சித்தப்பாவோடு பேச்சு நின்று பல வருஷங்களாகியிருக்கும். ஆயினும் இருவரின் கம்பெனிகளும் ஒரே சுவரின் இரு புறத்திலும் ஓடிக்கொண்டிருக்க, அவசரத்துக்கு இங்கிருந்து பேட்லாக் மிஷின் அங்கு போவதும், அங்கிருந்து அயர்னிங் ஆள் இங்கு வருவதும், இடையில் ஒரு சூப்பர்வைஸரின் வாய்மொழியாகவே நடந்துகொண்டிருக்கும். வெளியூரில் மாதச் சம்பள உத்தியோகத்தில் பழகி வந்த பெண்ணுக்கு இவையெல்லாம் வெறும் கிறுக்குத்தனமாகத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தக் கிறுக்குத்தனங்களில் ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தை அறிஞர்கள் மெனக்கெட்டு எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கு, 1925-ஐ ஒட்டிக் குலாம் காதர் சகோதரர்கள் பின்னல் மிஷின் நிறுவியதிலிருந்து ஆரம்பம் சொல்வது வழக்கம். அதன் பின் அரை நூற்றாண்டு காலம் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊருக்கு, 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி பம்பாய் ஏற்றுமதியாளர்களின் மூலம் வந்து சேர்ந்தார். 1981-இல் ஐரோப்பாவின் பெரிய சில்லறை வியாபார ஸ்தாபனமான ஸி அண்ட் ஏ வந்தது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி நடந்த ஊராக அது வளர்ந்த கதை பத்திரிகைகளில் வேண்டிய மட்டும் எழுதப்பட்டுவிட்டது. நம் விஷயத்துக்கு இவற்றைக் காட்டிலும் முக்கியமானது 1984. அந்த ஆண்டில் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்னர் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான பேரை வைத்து வேலை வாங்கும் ஸ்தாபனம் என்பது முதலாளிகளுக்கு ஓர் அபாயமாகத் தோன்றலாயிற்று. வேலையைச் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரிப்பதும், காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்கு விடுவதும், ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதும் அந்த ஊரின் பொது விதியாக வேரூன்றின.

நாலு போர்டு ரகசியம் இங்கேதான் இருக்கிறது. மின்சக்தியைப் பயன்படுத்திப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே வளர்ச்சி என்பது ஒரு கம்பெனி பெரிதாவதாக இல்லாமல், ஒரு கம்பெனி பலவாவதாக அமைந்தது. பமேலா காதோர்ன் என்ற ஆராய்ச்சியாளர் 1995-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் போக்கை அமீபாவின் பிளவோடு ஒப்பிட்டார். அந்தப் பெருக்கத்துக்குச் சட்டத்தை ஒதுக்கும் யுக்தி ஒன்றே காரணமன்று. ஆளை நம்பும் வரம்பும் அதில் அடங்கியிருந்தது. தம்பிக்கு ஒரு யூனிட், மச்சானுக்கு ஒரு யூனிட், பழைய கட்டிங் மாஸ்டருக்கு நாலு மிஷின் என்று பிரித்துக் கொடுத்தால், ஒன்று முழுகினாலும் மற்றவை மிதக்கும் என்ற கணக்கு அது.

ஆர்டர் இல்லாதபோது மிஷின் வாங்குவதற்கும் ஒரு விளக்கம் உண்டு. அதைத் தந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி. அவரும் கைவன் முன்ஷியும் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்பிரதேசத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் முதலாளிகளின் கம்பெனிகளையும், வெளியிலிருந்து வந்து தொழில் செய்தவர்களின் கம்பெனிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரரிடம் மிஷினில் முடங்கிய முதல் மிக அதிகமாக இருந்தது. வெளியூர்க்காரர் குறைந்த முதலோடு தொடங்கியும் உற்பத்தியில் வேகமாக முன்னேறினார். திறமையின் வித்தியாசத்தால் மட்டும் இதை விளக்க முடியாதென்றும், சொந்தபந்தத்துப் பணம் உள்ளூர்க்காரருக்கு எளிதில் கிடைத்ததே பெரும்பாலும் காரணமாயிருக்க வேண்டும் என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த பணத்துக்கு, நம்பிப் போட வேறு இடம் தெரியாத நிலையில், மிஷினே உண்டியலாயிற்று. இதைப் படித்த மகள் தகப்பனாரிடம் போய்ச் சொன்னால், அவர் என்ன சொல்வார் என்பதை ஊகிப்பது கடினமன்று: "அம்மணி, மிஷின் வட்டி கேக்குமா?"

குனிந்து வேஸ்ட் பொறுக்குவதுதான் எல்லாவற்றிலும் ஆழமான விஷயம். ஷரத் சாரி என்பவர் 1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் தங்கி ஆராய்ந்து, சகோதர மூலதனம் என்று பொருள்படும் தலைப்பில் 2004-இல் வெளியிட்ட புத்தகம், இந்த ஊரின் முதலாளிகளில் பெரும் பகுதியினர் சிறு விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளியானவர்கள் என்பதையும், அந்த உயர்வுக்கு அவர்கள் கூறும் ஒரே காரணம் 'உழைப்பு' என்பதையும் விஸ்தாரமாக எடுத்துக்காட்டுகிறது. ஏர் பிடித்தபோது ஆளோடு ஆளாக நின்று வேலை வாங்கியதைப் போலவே மிஷினுக்குப் பக்கத்திலும் நின்று வேலை வாங்கினோம், அதனால் உயர்ந்தோம் என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் தலைப்பே சொல்கிறபடி, அந்த உழைப்பின் கூட்டாளிகள் எல்லோரும் ஆண்கள்: அண்ணன், தம்பி, பங்காளி, மாமன், மச்சான். திருப்பூரைப் பற்றிய தமிழ் நாவல்களில் குறிப்பிடத்தக்கதான எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை'யும் ஐந்து ஆண் நண்பர்களின் கதையாகவே அமைந்திருக்கிறது. ஊரின் சரித்திரம் அப்படி இருக்கையில் நாவல் வேறு எப்படி இருக்க முடியும்?

எனினும், இந்தச் சகோதர மூலதனத்தின் அடியில் ஸ்திரீகளின் கைகளின் வழியாகவே பணம் ஓடியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மச்சானோடு பார்ட்னர்ஷிப் போட முடிந்ததென்றால், அவனை மச்சானாக்கியவள் ஒரு பெண். சீராக வந்த நகையும் பணமுமே பல கம்பெனிகளின் முதல் நாலு பவர் டேபிள்களுக்கு ஆதாரம். நூல்காரனுக்குத் தவணை தவறிய மாதத்தில் அடகுக் கடைக்குப் போனது மனைவியின் சங்கிலி. வருமான வரிக்காக ஒரு கம்பெனி தாயார் பெயரில் பதிவாகியிருக்கும். அவர் அதில் கையெழுத்துப் போடுவாரேயன்றி, அதன் லாப நஷ்டத்தை ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். பணம் பெண்ணின் கையைத் தொட்டுக்கொண்டு போயிற்று, அங்கே தங்கவில்லை.

இனி, திரும்பி வந்த மகள் உண்மையில் செய்கிற காரியத்தைச் சற்று அருகிலிருந்து கவனிக்கலாம். ஒரு டி-ஷர்ட் துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். ஊரில் அதை ஜி.எஸ்.எம். என்பார்கள். துணி சுருங்காதிருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்து வந்த ரோலை அவிழ்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து, "நூத்தி அறுவது" என்று தகப்பனார் சொல்லிவிடுவார். மகள் வட்டமான ஒரு கட்டரை அதே துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பி, சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் கொண்ட ஒரு வில்லையை வெட்டியெடுத்துச் சின்னத் தராசில் வைக்கிறாள். 1.58 கிராம் என்று எண் விழுகிறது. நூறால் பெருக்கினால் 158. விரலுக்கும் தராசுக்கும் இரண்டு கிராம்தான் பேதம். சரக்கு வாங்கும் பையர் அனுமதிக்கிற ஏற்றத்தாழ்வுக்குள் அது அடங்கிவிடும். ஆயினும் பையருக்குத் தகப்பனாரின் விரலை அனுப்ப முடியாது. எண் எழுதிய ரிப்போர்ட்டைத்தான் அனுப்ப வேண்டும். இந்த ஒரு காட்சியில் இரண்டு தலைமுறைகளின் பேதம் முழுவதும் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஏனெனில் ரோலைத் திறந்தவுடனேயே, எங்கே நூல் மாறியிருக்கிறது, எந்த இடத்தில் சாயம் பட்டை பட்டையாக ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் இன்னும் தகப்பனாரிடமே இருக்கிறது. தராசுக்கு அந்தக் கண் இல்லை. புத்திசாலியான மகள் இரண்டையும் வைத்துக்கொள்கிறாள்.

ரேட்டு விஷயமும் அப்படியே. நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், பிராசஸில் கழியும் எடை, கட்டிங் வேஸ்ட், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பத்துப் படிகளைத் தாண்டித்தான் ஒரு பீஸின் விலை தீர்மானமாகிறது. தகப்பனார் இவற்றைத் தனித்தனியே எழுதாமல் வானத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்வார். நூல் விலை நிதானமாக இருந்த காலத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறி, 2022 மே மாதத்தில் அதைக் கண்டித்து ஊரே கம்பெனிகளை மூடி வேலைநிறுத்தம் செய்த சமயத்தில், மனக்கணக்கின் பலவீனம் வெளிப்பட்டது. துணியோ நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும், பிரிண்டிங்குக்கும், தையலுக்குமாக ஐந்தாறு வாசல்களில் ஏறி இறங்குகிற பண்டம். ஜி.எஸ்.டி.யும், சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் அனுப்ப எடுக்க வேண்டியதாக 2018-இல் வந்த இ-வே பில்லும் அந்த ஒவ்வொரு வாசலிலும் ஒரு காகிதத்தைக் கேட்டன. இதற்கு முன்பே, 2011 ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யல் ஆற்றின் நாசத்தைக் காரணமாகக் கொண்டு சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து, சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று அன்னிய தேசத்துப் பையர்களும் கேள்வித்தாள் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். வாய்மொழியில் நடந்த ஒரு தொழில் எழுத்துக்கு மாற வேண்டியிருந்தது. வீட்டில் எழுத்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தது மகள். அவளைத் திருப்பி அழைத்தது பாசம் என்று குடும்பம் சொல்லும். எனக்கென்னவோ காகிதம்தான் அழைத்தது என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை மாலை இன்னொரு காட்சி. வாரச் சம்பளம் போடுகிற நாள். பகல் வேலை ஒரு ஷிப்டு, இரவு வரை நீண்டால் ஒன்றரை ஷிப்டு என்ற கணக்கில், ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, கொடுத்திருந்த அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டு, நோட்டை எண்ணிக் கையில் வைப்பது தகப்பனாரின் பல வருஷத்து அனுஷ்டானம். அந்தச் சமயத்தில்தான் எவன் வீட்டில் சீக்கு, எவள் மகளுக்குக் காதுகுத்து, எவன் அடுத்த வாரம் வேறு கம்பெனிக்கு ஓடப்போகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவரும். மகள் வந்து சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட ஏற்பாடு செய்தாள். ஆடிட் செய்ய வருகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கணக்குச் சுத்தமாயிற்று. ஆனால் ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த புதிய ஆட்களின் பெயரைத் தகப்பனார் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பம் போயிற்று. அவர் இன்னமும் சனிக்கிழமை சாயந்திரம் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருகிறார் என்பதை வீட்டார் வேடிக்கையாகச் சொல்வார்கள்; அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

இந்த மகளைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் கட்டுரை பாதி உண்மையாகவே நிற்கும். ஏனெனில் அவளுடைய கம்பெனிக்கு நூல் கொடுக்கிற மில்லிலிருந்தும் ஒரு மகள் வீடு திரும்புகிறாள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில், தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களை அழைத்து வந்து, மில் ஹாஸ்டலிலேயே தங்க வைத்து, மூன்று வருஷம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நடந்துவந்ததும், 2011-இல் இரண்டு டச்சு ஸ்தாபனங்கள் வெளியிட்ட அறிக்கை அதை ஐரோப்பியக் கடைக்காரர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனதும் பலரும் அறிந்தவை. அந்தப் பெண் திரும்பிச் செல்லும் குடும்பத்துக்கு விசித்திர சுபாவங்களுக்கு வசதி கிடையாது, கடன் உண்டு. அவள் கொண்டுபோகும் தொகை அவளுடைய கல்யாணத்துக்கே என்று பெயர். நடுவில் தகப்பனின் வைத்தியத்துக்கோ தம்பியின் படிப்புக்கோ அது கரைந்துவிடுவதும் உண்டு. இதே பிரதேசத்துக் கிராமங்களை 1980-களின் ஆரம்பத்திலிருந்து பல முறை ஆராய்ந்த ஜூடித் ஹேயர், தலித் குடும்பங்களின் பெண்களில் பலர், ஆண்களின் கூலி உயர்ந்த பின் வயல் வேலையிலிருந்து விலகி வீட்டில் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். வேலைக்குப் போவதே கௌரவம் என்று ஒரு வீட்டு மகள் திரும்பி வருகையில், வேலைக்குப் போகாதிருப்பதே கௌரவம் என்று இன்னொரு வீட்டு மகள் திரும்புகிறாள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

மறுபடியும் முதலாளியின் மகளிடம் வருவோம். அவள் செய்த காரியத்துக்கு என்ன பெற்றாள் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது.

கொங்கு நாட்டில் பெண் ஒருத்தி பாகம் கேட்ட கதையைத் தமிழ் இலக்கியம் ஒரு முறை மறக்க முடியாதபடி சொல்லியிருக்கிறது. 1942-இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', கணவனை இழந்த ஒரு குடியானவப் பெண், கணவனின் சகோதரனிடம் நிலத்தில் தன் பாகத்தைப் பிரித்துத் தரக் கேட்பதையும், அது கொலையில் போய் முடிவதையும் சொல்கிறது. அவள் காலத்தில் சட்டம் எங்கே நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1937-ஆம் ஆண்டின் சட்டம் ஹிந்து விதவைக்குக் கணவனின் சொத்தில் ஆயுள் வரையிலான ஓர் உரிமையை அளித்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் ஃபெடரல் கோர்ட்டு தீர்மானித்துவிட்டது. கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு நிலத்தைத் தவிர வேறு சொத்து ஏது? சட்டம் அவளுக்குக் கொடுத்தது, அவளிடம் இல்லாத சொத்தில் உரிமை.

சுயமரியாதை மாநாடு 1929-இல் செங்கல்பட்டில் கூடிப் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று நிறைவேற்றிய தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது வருஷமாயிற்று. 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்த மாநிலத் திருத்தம், அன்றைக்கு மணமாகாதிருந்த மகளைப் பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பினால் பங்குள்ளவளாக்கியது. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி மத்தியத் திருத்தம் அதை மணமான மகளுக்கும் விரித்தது. அன்றைக்குத் தகப்பனார் உயிரோடிருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11-ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் ஐயத்தையும் போக்கியது. இவ்வளவும் பூர்விகச் சொத்தைப் பற்றியவை. ஆனால் இந்த அறுபது வருஷத்துக்குள் கொங்கு நாட்டுக் குடும்பத்தின் ஐஸ்வர்யம் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டு, பனியன் கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. சட்டம் கடைசியில் நிலத்துக்கு வந்தபோது சொத்து அங்கே இல்லை.

'சொந்த உழைப்பு' என்ற அந்தச் சித்தாந்தத்துக்கு இங்கே ஒரு சட்ட விளைவு முளைக்கிறது. தாமே உழைத்துச் சம்பாதித்த சொத்தைத் தகப்பனார் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், தானமாகக் கொடுக்கலாம். எழுதாமல் இறந்தால் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கும் சம பாகம் உண்டு என்பது மெய்யே. ஆனால் பார்ட்னர்ஷிப் கம்பெனியில் அந்தப் பாகமும் பணமாகத்தான் வரும், அதிகாரமாக வராது. 1932-ஆம் ஆண்டுப் பங்காளித் தொழிற்சட்டத்தின்படி இறந்த பங்காளியின் வாரிசு தானாகவே பங்காளியாகிவிடுவதில்லை. பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருக்கவில்லையென்றால், எல்லாப் பங்காளிகளும் சம்மதித்தாலன்றிப் புதியவர் எவரையும் சேர்க்கவும் முடியாது. மச்சானும் சித்தப்பாவும் ஒப்ப வேண்டும். ஒப்பும் வரையில், கம்பெனியின் பாஸ்வேர்டு முழுவதும் மகளின் கையில் இருந்தாலும், அவள் சம்பளமில்லாத ஒரு மேனேஜர்.

கம்பெனியின் முதல் பணம் பூர்விகத் தோட்டத்தை விற்று வந்தது என்று காட்டினால் வாதாட இடமுண்டு என்று வக்கீல்கள் சொல்வார்கள். எதைக் கொண்டு காட்டுவது? அந்தக் காலத்துக் கணக்கு தகப்பனாரின் மனதிலும், ஒரு பழைய டைரியிலும் இருக்கிறது. அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அதே மனக்கணக்கு, அவள் தன் பாகத்தை நிரூபிக்க வேண்டிய நாளில் அவளுக்கு எதிராக நிற்கும். தாயாரின் சங்கிலி அடகுக்குப் போனதற்கு அந்த டைரியில் ஒரு வரி இருந்தால் அதிசயம்.

இதற்கு மாறான குடும்பங்களும் இருக்கின்றன. மகளின் பெயரில் புதிய யூனிட்டைப் பதிவு செய்து, ஏற்றுமதி லைசென்ஸையும் அவள் பெயரிலேயே எடுத்துக் கொடுத்த தகப்பனார்கள் உண்டு. பிரைவேட் லிமிடெட்டாக மாற்றி அவளை டைரக்டராக்கியவர்களும் உண்டு. அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவிகிதச் சுங்கம் விதித்து, ஆர்டர்கள் நின்றபோது, ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் திரும்புவது எப்படி என்று இரவில் உட்கார்ந்து பையருக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களில் இந்தப் பெண்களும் இருந்தார்கள். கம்பெனி முழுகாமல் காத்ததில் பங்கு இருக்கிறது என்றால், கம்பெனியிலும் பங்கு இருக்கத்தான் வேண்டும். இதில் தயாளத்துக்கு இடமில்லை, கணக்குத்தான் இருக்கிறது.

ஆகவே திருப்பூரின் தகப்பனார்களுக்கும் அவர்களுடைய ஆடிட்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பார்ட்னர்ஷிப் பத்திரத்தை மகன் கல்யாணத்துக்கு முன்போ, வங்கிக் கடனுக்காகவோ, தம்பியோடு பிரியும்போதோ எப்படியும் மாற்றி எழுதுகிறீர்கள். அடுத்த முறை எழுதும்போது, தினமும் இ-வே பில் போடுகிற பெண்ணின் பெயரையும், அவளுக்கு இத்தனை சதவிகிதம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மச்சானிடம் கையெழுத்து வாங்குவது உங்கள் பொறுப்பு, அவளுடையதன்று.